சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகுமா?

மலேசியாவின் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் வந்தபோது, தோட்டங்களை விட்டு வந்த நம் பெண்பிள்ளைகளுக்கும் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ், சீருடை, ஓவர்டைம் எல்லாம் இருந்தன. சங்கம் மட்டும் இல்லை. மின்சாரப் பொருள் தொழிலாளர் சங்கம் அவர்களைச் சேர்க்க முயன்றது. மின்சாரம் வேறு தொழில், மின்னணு வேறு தொழில் என்று தொழிற்சங்கப் பதிவாளர் தடுத்துவிட்டார். 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. ரேடியோவைப் பூட்டுகிறவரும் அதற்குள் போகும் சிப்பைச் செய்கிறவரும் ஒரே சங்கத்தில் இருக்கக் கூடாதாம்!

1988இல், மின்னணுத் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் அமைக்கலாம் என்றது அரசாங்கம். தொழிற்சாலைகளை நடத்திய அமெரிக்க நிறுவனங்கள் முறைத்தன. சில வாரங்களில் பேச்சு மாறியது: அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம். அதையும் நம்பி, ஹாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். நிர்வாகம் ஆட்களை வேறொரு துணை நிறுவனத்துக்கு மாற்றியது; 1990இல் சங்கத்தில் முன்நின்ற 21 பேருக்கு வேலை போனது. விவகாரம் ஜெனிவாவில் உள்ள அனைத்துலகத் தொழிலாளர் அமைப்புக்குப் போனது.

சங்க உரிமை பற்றிய அந்த அமைப்பின் 87ஆம் உடன்படிக்கையை மலேசியா அப்போது ஏற்றிருக்கவில்லை. கூட்டுப் பேரம் பற்றிய 98ஆம் உடன்படிக்கையை மட்டும் 1961இல் ஏற்றிருந்தது. ஆனாலும் புகார் நின்றது. 1951இல் அமைந்த அந்த அமைப்பின் சங்க உரிமைக் குழு, உடன்படிக்கையை ஏற்காத உறுப்பு நாட்டையும் விசாரிக்கும். தனியாள் அங்கே போக முடியாது. சங்கம்தான் போக வேண்டும். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (எம்.டி.யு.சி.) போன்ற அமைப்புகளின் பயன் அங்கேதான் தெரிகிறது.

அந்தக் குழு அபராதம் போடாது, ஆள் அனுப்பாது. பரிந்துரை எழுதும், பதில் கேட்கும், மறுபடியும் கேட்கும். மெதுவான வேலை, ஆனால் வீண் வேலை இல்லை. மின்னணுத் தொழிலாளர்களுக்கு வட்டாரச் சங்கங்கள் கிடைக்கவே சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. 'ஒரே வகைத் தொழில்' என்ற கட்டுப்பாடு 15 செப்டம்பர் 2024இல்தான் நீங்கியது.

இன்று ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும் வேலையிலிருந்து நீக்குவதும் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி குற்றம். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்னவர் பெயர், சாட்சி எல்லாவற்றையும் குறித்து, தொழில் உறவுத் துறையிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். "நீயே விலகிவிடு" என்று ராஜினாமா கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை போனால், மேலதிகாரி மனம் மாறுவார் என்று காத்திருக்காதீர்கள். மறுபடியும் வேலையில் அமர்த்தக் கோரும் மனுவை, வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையின் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். சமரசம் பலிக்காவிட்டால் வழக்கு தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். ஜெனிவாவுக்கான புகாரைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். இந்த 60 நாளை நீங்கள்தான் எண்ண வேண்டும்.