நீலகிரிச் செம்மறி: கம்பளிக்கும் கறிக்கும் நடுவே

நீலகிரி என்றால் தில்லித் தமிழர் வீடுகளில் தேயிலையும் தைலமும்தான் நினைவுக்கு வரும். அந்த மலையின் பெயரைத் தாங்கிய ஒரு செம்மறி ஆட்டினம் உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஆடை நெய்ய உதவும் மெல்லிய கம்பளிக்குத் தென்னாட்டில் பெயர் பெற்றது அந்த இனம்தான். கரோல்பாக்கில் நாற்பது ஆண்டுகளாகக் கம்பளி வியாபாரம் செய்பவன் என்ற முறையில், நான் படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

முதலில் பெயர். ஆட்டின் குட்டியை 'மறி' என்கிறது தொல்காப்பிய மரபியல். செந்நிற மறி செம்மறி. ஆனால் நீலகிரிச் செம்மறி வெள்ளை நிறம். சிலவற்றுக்கு முகத்திலும் உடம்பிலும் பழுப்புத் திட்டு இருக்கும். காது அகன்று தொங்கும். பெட்டைக்குக் கொம்பு கிடையாது. கிடாவுக்கும் பெரும்பாலும் கொம்பின் குருத்தோடு சரி.

இது ஆதியிலிருந்தே அங்கே இருந்த ஆடு அல்ல. 19ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்காரர்கள் உதகையில் குடியேறிய பிறகு உருவானது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நாட்டு ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய மூன்று அயல் இனங்களைக் கலந்தார்கள். மெரினோ மெல்லிய கம்பளிக்குப் பேர்போனது. சவுத்டவுன் இங்கிலாந்தின் கறி ஆடு. செவியட், ஸ்காட்லாந்து எல்லையில் குளிரும் காற்றும் பழகிய மலையாடு. நம்ம ஊர் ஆடு நம்ம ஊர் மேய்ச்சலைத் தாங்கும். நாலும் சேர்ந்து ஒரே உடம்பில் வந்தது.

இப்படிக் கம்பளி, கறி இரண்டுக்கும் வளர்ப்பதை இருபயன் ஆடு என்பார்கள். கேட்க எளிது, செய்வது கஷ்டம். தின்ற புல்லின் சத்து ஒன்று மயிருக்குப் போகணும் அல்லது சதைக்குப் போகணும். அதனால் இருபயன் ஆடு எதிலும் முதலிடம் பிடிக்காது. நீலகிரி ஆட்டின் எடை 30 கிலோவை ஒட்டித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் அழுக்கோடும் பிசுக்கோடும் சேர்த்து 600 கிராம் அளவு கம்பளி கிடைக்கும். இழையின் பருமன் சுமார் 27 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். உடம்பில் படும்படி உடுத்துகிற நயமான மெரினோ 20க்கும் கீழே. 27 என்பது போர்வைக்கும் ஸ்வெட்டருக்கும் தாராளமாகப் போதும்.

நியூசிலாந்தில் இதே காரியம் வேறு விதமாக முடிந்தது. மெரினோவையும் லிங்கனையும் கலந்து அங்கே காரிடேல் என்ற இருபயன் ஆட்டை உண்டாக்கினார்கள். அதுவரை அங்கே ஆட்டுக்குக் கம்பளி விலைதான் விலை. தின்பதற்கு ஆள் இல்லை. 1882இல் 'டனீடின்' என்ற கப்பல் ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களைக் குளிர்பதனம் செய்து லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தது. கறிக்கும் விலை வந்தது. இரண்டு கால் இருந்தால்தானே நடக்க முடியும்? காரிடேல் உலகம் முழுக்கப் பரவியது.

நீலகிரியில் ஒரு கால் ஒடிந்துவிட்டது, கம்பளி என்கிற கால். புல்வெளிகளைத் தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் காய்கறித் தோட்டமும் விழுங்கின. மிச்சமிருந்த மேய்ச்சலில் வளர்த்தவர்களுக்கோ சந்தை இல்லை. இங்கே நமக்குப் பக்கத்துப் பானிப்பட்டில், வெளிநாட்டார் கழித்த கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கி மலிவுப் போர்வை நெய்கிறார்கள், லூதியானாவில் அக்ரிலிக். மலையிலிருந்து வரும் சில மூட்டைக் கம்பளிக்கு என்ன விலை சொல்ல முடியும்? நாட்டுக் கம்பளிக்குப் பல இடங்களில் கத்தரிக்கிற கூலியே கட்டுப்படியாகவில்லை. கறிக்கு மட்டும்தான் என்றால் மேச்சேரி ஆடு போதுமே, நீலகிரி எதற்கு என்று வளர்ப்பவர் கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்று இந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இந்த மந்தையைக் காத்து வருகிறது. நீலகிரியோடு மெரினோவும் ராம்பூலேயும் கலந்து 'சாண்டினோ' உண்டாக்கியதும் அங்கேதான். மத்திய அரசு 1962இல் ராஜஸ்தானில் மால்புரா அருகே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடத்துக்கு அவிகாநகர் என்று பெயர். 'அவி' வடமொழியில் ஆடு, லத்தீனில் 'ஓவிஸ்'. அதன் தென்னக மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள், புலால் உண்ணாதவர்கள். "நயினார், கம்பளியும் ஒரு உயிரைக் கொன்னுதானே வருது?" என்று கடையில் சிலர் கேட்பதுண்டு. கத்தரித்தால் ஆடு சாவதில்லை, மறுபடி மயிர் வளரும் என்பேன். ஆனால் இருபயன் ஆடு கடைசியில் கறிக்கடைக்குத்தான் போகிறது. அதை மறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் பார்ப்பது வேறு கணக்கு. கறிக்கென்றே வளர்க்கிற கிடாக்குட்டிக்குப் பெரும்பாலும் ஒரு வயசு நிறைவதில்லை. கம்பளிக்கு விலை இருந்தால் அதே குட்டியை நாலைந்து வருஷம் வைத்துக் கத்தரிப்பார்கள். கம்பளி வாங்குகிறவர் அந்த ஆட்டுக்குச் சில வருஷம் வாங்கித் தருகிறார்.

விடுமுறைக்கு ஊட்டி போகிறவர்கள் அங்கே கடைத்தெருவில் 'ஊட்டிக் கம்பளி' என்று ஸ்வெட்டர் வாங்கி வருகிறீர்கள். பெரும்பாலும் அது லூதியானா அக்ரிலிக். தில்லியிலேயே மலிவாகக் கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாசனை வரும், நெருப்பை விலக்கினால் மெல்ல அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியாகக் கெட்டியாகிவிடும். ஆறுகிறவரை தொடாதீர்கள், சுடும்.