சர்வர் ஸ்லோவா? முதலில் கேளுங்க: கோளாறு ரூமிலா, மேன்ஷனிலா?

காலை எட்டு மணி. ராயப்பேட்டையில் ஒரு பேச்சுலர் மேன்ஷன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆபீசுக்குக் கிளம்புறாங்க. மூணாவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணி வரலை. பிளம்பரைக் கூப்பிடணுமா? அங்கே பல வருஷமா இருக்கிறவங்க குழாயைத் தொடவே மாட்டாங்க. "பக்கத்து ரூம்ல வருதா?" என்றுதான் முதலில் கேட்பாங்க. அங்கேயும் வரலைன்னா, கோளாறு குழாயில் இல்லை, மொட்டை மாடி டேங்கில்.

டேட்டா சென்டரில் சர்வர் படுத்துவிட்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். ஏன்?

ஒரே கட்டடம், பல அறைகள்

ஒரு காலத்தில் ஒரு வேலைக்கு ஒரு சர்வர். மெயிலுக்கு ஒன்று, சம்பளக் கணக்குக்கு ஒன்று. பாதி நேரம் அவை சும்மாவே ஓடும்; கரன்ட் பில் மட்டும் ஏறும். இதற்கு வந்த தீர்வுதான் விர்ச்சுவலைசேஷன். ஒரே பெரிய சர்வருக்குள் பல 'விர்ச்சுவல் மெஷின்'கள். ஒவ்வொன்றும் தன்னைத் தனி கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். பிராசஸர், மெமரி, டிஸ்க் ஆகியவற்றைப் பங்கு போட்டுக் கொடுக்கும் மேன்ஷன் மேனேஜரின் பெயர் ஹைப்பர்வைசர். விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம் எல்லாம் இந்த வகைதான்.

அறைகள் தனித்தனி. ஆனால் டேங்கும் மெயின் சுவிட்சும் ஒன்றுதான். வசதியும் சிக்கலும் இங்கேதான் தொடங்குகின்றன.

கோளாறு அறைக்குள் இருந்தால்

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை நீலத்திரையில் நிறுத்தியது. சென்னையிலும் விமானங்கள் தாமதமாயின. நாட்டின் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று கட்டடத்தில் கோளாறு இல்லை, அறைக்குள்தான். மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், பெரும்பாலும் ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. விர்ச்சுவல் மெஷினுக்கு இன்னொரு வழி இருந்தது. அதன் டிஸ்கைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு மெஷினில் மாட்டி, கெட்ட ஃபைலை அழித்து, திரும்பவும் பழைய இடத்தில் மாட்டலாம். எல்லாமே ஸ்க்ரீனில்தான், ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

கட்டடத்தில் இருந்தால்

"சிபியு 20 சதவீதம்தான் காட்டுது, ஆனா ஸ்லோவா இருக்கு சார்." டேட்டா சென்டர்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. அறைக்குள் மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. மெஷின் வேலை செய்யத் தயார். நிஜ பிராசஸர்தான் காலியாக இல்லை. பாத்ரூம் வாசலில் பக்கெட்டோடு நிற்கும் நேரம் போன்ற இந்தக் காத்திருப்புக்கு 'சிபியு ரெடி' என்று பெயர். ஹைப்பர்வைசர் பக்கம் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு விர்ச்சுவல் பிராசஸருக்கும் இது 5 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு.

இங்கே பலர் செய்யும் தப்பு, ஸ்லோவாக இருக்கும் மெஷினுக்கு இன்னும் நாலு பிராசஸர் கூட்டிக் கொடுப்பது. நாலு நண்பர்கள் 'ஒண்ணாத்தான் குளிப்போம்' என்று நின்றால், நாலு பாத்ரூம் காலியாகும்வரை காத்திருக்கணும். ஒருத்தர் மட்டும் என்றால் உடனே உள்ளே போகலாம். நெரிசலான சர்வரில் பிராசஸரைக் குறைத்தாலே வேகம் கூடுவது உண்டு.

டிஸ்கிலும் இதே கதைதான். 'தின் புரொவிஷனிங்' முறையில் பத்து மெஷினுக்கும் தலா 100 ஜிபி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் 600 ஜிபி மட்டும் வைத்திருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்காதவரை பிரச்சினை இல்லை. கேட்டுவிட்டால், அதை நம்பியிருக்கும் மெஷின்கள் அடுத்தடுத்து நின்றுபோகும்.

ஸ்னாப்ஷாட், பேக்கப் ஆகாது

அந்த இடத்தைச் சத்தமில்லாமல் தின்பது பழைய ஸ்னாப்ஷாட். அப்டேட்டுக்கு முன் 'ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுக்கோ' என்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எடுத்த நொடியில் பழைய டிஸ்க் உறைந்துவிடும். அதன்பின் வரும் எழுத்தெல்லாம் ஒரு தனி ஃபைலில் சேரும். அதை அழிக்க மறந்தால் ஊதிக்கொண்டே போகும். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் வழிகாட்டல். முக்கியமாக, அது மூல டிஸ்கை நம்பியே நிற்கிறது. மூலம் போனால் அதுவும் போச்சு.

கட்டடமே போனால் என்ன ஆகும்? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜியோன் நகரில், அரசு டேட்டா சென்டரில் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு கணினி அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்த 'ஜி-டிரைவ்' எரிந்தது. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியே நகல் வைத்திருக்கவில்லை. போனது 858 டெராபைட்.

என்ன செய்யணும்?

• புகார் வந்ததும் அதே ஹோஸ்டில் உள்ள மற்ற மெஷின்களைப் பாருங்கள். எல்லாமே திணறினால் கோளாறு கட்டடத்தில்.

• எத்தனை ஜிபி வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை கையில் இருக்கிறது? டிஸ்க் நிரம்பும் முன்பே எச்சரிக்கை மணி அடிக்கட்டும்.

• எல்லா மெஷின்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டணும். இல்லாவிட்டால் எது முதலில் விழுந்தது என்றே தெரியாது. நேரத்தை ஒத்திசைப்பதையும், லாக்குகளை 180 நாள் வைத்திருப்பதையும் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் கட்டாயமாக்கியது.

• மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். அந்த நகலிலிருந்து மெஷினை உயிர்ப்பிக்க முடிகிறதா என்று அவ்வப்போது ஓட்டிப் பாருங்கள்.

கடைசியைத்தான் பலரும் தள்ளிப்போடுவார்கள். மேன்ஷனில் டேங்க் காலியானால் லாரி தண்ணி வாங்கிக்கலாம். அழிந்த டேட்டாவுக்கு லாரி வராது.