கிணறுகளின் மேல் நிற்கும் தேவாலயம்

மீமிசல் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் கடலோர மணலில் கிணறு வெட்டினாலே பக்கம் சரிகிறது. இப்படி இளகிய மண்ணில் அந்தக் காலத்தில் பெரிய தேவாலயங்களை எப்படி நிறுத்தினார்கள்?"

மணல் சரியாமலிருக்கக் கடலோர ஊர்களில் உறை இறக்குவார்கள் அல்லவா? சென்னை எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கும் அதையேதான் செய்தார்கள்.

1818-ல் தொடங்கி 1821-ல் திறக்கப்பட்ட தேவாலயம் அது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியவர் ராணுவப் பொறியாளர் தாமஸ் டி ஹேவிலண்ட். வழிபாட்டுக் கூடம் வட்டம். மேலே சுமார் ஐம்பதடி அகலக் குவிமாடம், உட்புறம் நீல வானமும் பொன் நட்சத்திரங்களும். கரையானுக்குப் பயந்து மரத்தைத் தவிர்த்து, குவிமாடத்தைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பினார்கள். அந்தப் பாரத்தைக் கூவம் பக்கத்து மண் தாங்குமா? தாங்காது. அதனால் அடியில் சுமார் 150 கிணறுகள்.

கிணறு என்றால் தண்ணீருக்கு அல்ல. சுட்டமண் உறையைத் தரையில் வைத்து, ஆள் உள்ளே இறங்கி அடிமண்ணைச் சுரண்டி எடுப்பார். மண் போகப் போக உறை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். விளிம்பு தரைமட்டத்துக்கு வந்ததும் அதன்மேல் அடுத்த உறை. சுரண்டுவது ஒரு பக்கம் கூடிவிட்டால் உறை சாய்ந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து நேராக்குவதில்தான் திறமை இருக்கிறது. கெட்டி மண் தட்டும்வரை வேலை நிற்காது. எழும்பூரில் சில கிணறுகள் 14 அடியிலேயே நின்றுவிட்டன. சில 50 அடிவரை போயின.

இது ஸ்காட்லாந்திலிருந்து வந்த வித்தை அல்ல. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழாய்வுக் குழிகளில் உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன. தாஜ்மகாலின் கடைக்காலும் கிணறுகள்தான். ஆற்று மணலில் ரயில் பாலத் தூண்களை நிறுத்தியதும் இதே முறைதான். உறை மட்டும் பெரிதானது.

டி ஹேவிலண்டின் பெயரைச் சென்னை வரலாற்று நூல்கள் மறக்காமல் சொல்கின்றன. உறை சுட்ட குயவர்களையும், மூச்சு முட்ட உள்ளே இறங்கி மண் அள்ளியவர்களையும் சொல்லவும் அவற்றில் இடம் வேண்டும். இங்கே ஊர்களிலோ குழாய்த் தண்ணீர் வந்ததும் பழைய உறைகிணறுகள் குப்பைத்தொட்டியாகிவிட்டன. மூடித்தான் ஆக வேண்டும் என்றால், ஊராட்சி முதலில் மேலுறை ஒன்றையாவது உடையாமல் எடுத்து உள்ளூர்ப் பள்ளியில் வைக்கட்டும். எப்படி இறக்கினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, அந்த வேலை செய்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள்.