கேசிங்கின் முகப்பும் தாய்ப்பலகையின் ஊசிகளும்

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் வட்டாரத்திலுள்ள லோ யாட் பிளாசா, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்குமான கணினிச் சந்தையாகப் பெயர் பெற்றது. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கியும், கிள்ளானில் இருப்போர் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வரை வந்து அதே மோனோரயிலைப் பிடித்தும் இங்கு வந்து சேர்கின்றனர். செயலி, நினைவகம், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை, இவை அனைத்தையும் அடக்கும் கேசிங் என ஒவ்வொன்றையும் தனித்தனியே விலை பேசி வாங்கிய பின், பொருத்தும் வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவோர் உண்டு; வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே செய்து பார்ப்போரும் உண்டு. அப்படித் தாமே செய்வோர் பலரும் தடுமாறுவது, கேசிங்கின் முகப்பிலிருந்து தொங்கும் கம்பிகளைத் தாய்ப்பலகையில் செருக வேண்டிய கடைசிக் கட்டத்தில்தான். அங்கும் அவர்களது அச்சம் பெரும்பாலும் தவறான கம்பியின்மீதே விழுகிறது. பார்வைக்குச் சிக்கலான மெல்லிய கம்பிகளால் ஏறத்தாழ எந்தக் கேடும் விளைவதில்லை. எளிதாகத் தோன்றும் தடித்த கம்பிகளே பலகையைக் கெடுக்கும் ஆற்றல் உடையவை.

இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை, தாய்ப்பலகையின் அளவையும், திருகாணித் துளைகளின் இடத்தையும், பின்புறத்தில் போர்ட்டுகள், அதாவது வெளிக்கருவிகளைச் செருகும் வாய்கள், வெளியே தெரியும் திறப்பின் அளவையும் வகுத்துக் கொடுத்ததால், ஒரு நிறுவனத்தின் பலகை இன்னொரு நிறுவனத்தின் கேசிங்கில் சிக்கலின்றி அமர்ந்தது. முகப்புக் கம்பிகளுக்கோ அத்தகைய ஒழுங்கு பிந்தியே வந்தது. அவற்றுக்கென இன்டெல் தனியாக ஒரு வழிகாட்டியை வகுத்து ஊசிகளின் வரிசையைப் பரிந்துரைத்தது. இன்றைய பலகைகளில் பெரும்பாலானவை அதையே பின்பற்றுகின்றன. ஆனாலும் எந்தப் பலகை எவரது வீட்டுக்குப் போகும் என்று அறியாத கேசிங் தயாரிப்பாளர்களில் பலர், எல்லாவற்றையும் ஒரே செருகியாக இணைக்கத் துணியாமல், ஒன்றிரண்டு துளைகள் கொண்ட குட்டிச் செருகிகளாகவே இன்னும் தொங்கவிடுகின்றனர்.

அவை சென்று சேரும் இடம் பலகையின் கீழ் வலது மூலை. அங்கே 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில், வரிசைக்கு ஐந்தாக இரு வரிசை ஊசிகள் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று வேண்டுமென்றே விடுபட்டு, ஒன்பது ஊசிகள் மட்டும் நிற்கும். விடுபட்ட பத்தாவது ஊசியைக் கொண்டே திசை அறியப்படுகிறது. ஒற்றைப்படை ஊசிகளில் ஒன்றும் மூன்றும் வன்தட்டின் இயக்கத்தைக் காட்டும் விளக்குக்கும், ஐந்தும் ஏழும் மறுதொடக்கப் பொத்தானுக்கும் உரியவை. இரட்டைப்படையில் இரண்டும் நான்கும் கணினி இயங்குவதைக் காட்டும் விளக்குக்கும், ஆறும் எட்டும் மின்பொத்தானுக்கும் உரியவை. ஒன்பதாவது பெரும்பாலும் எதற்கும் பயன்படுவதில்லை.

இவற்றுள் மின்பொத்தானின் கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. ஏடிஎக்ஸுக்கு முந்திய ஏடி வகைக் கணினிகளில், மின்வழங்கியிலிருந்து புறப்பட்ட தடித்த கம்பி கேசிங்கின் முகப்பு வரை ஓடி, சுவரிலிருந்து வரும் 240 வோல்ட் மின்சாரத்தையே அங்கிருந்த சுவிட்சில் கொண்டுவந்து சேர்த்தது. பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்ற நான்கு கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிப் பொருத்தினால், சுவிட்சைப் போட்ட நொடியே குறுக்குச்சுற்று ஏற்பட்டு ஃபியூஸ் எரிந்துவிடும். ஏடிஎக்ஸ் இந்த ஆபத்தை முற்றிலும் நீக்கியது. இப்போதைய பொத்தான் மின்சாரத்தைத் திறப்பதோ மூடுவதோ இல்லை. இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் தொடவைத்து, கணினி நின்றிருக்கும்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருக்கும் பலகையின் சில்லுக்கு ஒரு சைகை காட்டுகிறது, அவ்வளவே. சைகையைப் பெற்ற சில்லு, மின்வழங்கியின் பச்சைக் கம்பியைத் தரைமட்டத்துக்கு இழுத்ததும் கணினி உயிர் பெறுகிறது. இதனால்தான் பழுதுபார்ப்போர், கேசிங்கே இல்லாத வெறும் பலகையைச் சோதிக்க, திருப்புளியின் முனையால் அந்த இரு ஊசிகளையும் தொட்டு எடுக்கின்றனர். செருகியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் பொத்தான் வேலை செய்யும். மின்பொத்தான் கெட்டுப்போன பழைய கேசிங்கில், மறுதொடக்கப் பொத்தானின் செருகியை ஆறாவது, எட்டாவது ஊசிகளுக்கு மாற்றிச் செருகினால், அதுவே மின்பொத்தானாகிவிடும். புதிய கேசிங் வாங்கச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுக்கும் கடைக்காரர் நல்லவர்.

விளக்குகளுக்கு மட்டும் திசை உண்டு. அவற்றில் உள்ள எல்இடி ஒரு பக்கமாகவே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மாற்றிச் செருகினால் எரியாது. ஆனால் பலகையிலேயே உள்ள மின்தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் எதுவும் கெடாது, எடுத்துத் திருப்பிப் போட்டால் போதும். கறுப்பு அல்லது வெள்ளைக் கம்பி பொதுவாக எதிர்முனை, வண்ணக்கம்பி நேர்முனை. செருகியின் பக்கவாட்டில் குறுமுக்கோணம் பொறித்திருந்தால் அதுவும் நேர்முனையையே குறிக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் மலேசியச் சுவர்ச்செருகியின் ஒரு வசதியை நினைவில் கொள்வது நல்லது. மூன்று முனைச் செருகியைப் பிடுங்காமல் சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால், மின்சாரம் நிற்கிறது, நிலத்தொடர்பு அறுபடுவதில்லை; எனவே கேசிங்கின் வண்ணம் பூசாத உலோகத்தை ஒருமுறை தொட்டாலே உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நிலத்தில் இறங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேர்வதில்லை என்றாலும், ஏர்கோன் ஓடும் அறையில் காற்று காய்ந்திருக்கும். சுவிட்சை அணைத்தபின் மின்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மிச்சமிருக்கும் காத்திருப்பு மின்சாரமும் தீரும்.

உண்மையான கவனம் யுஎஸ்பி கம்பிகளுக்கே தேவை. யுஎஸ்பி 2.0 ஊசித்தொகுதியும் ஒன்பது ஊசிகள் கொண்டதே. இதில் ஒன்பதாவது இடம் காலியாக இருக்கும். ஒன்றும் இரண்டும் 5 வோல்ட், அடுத்த நான்கும் தரவு, ஏழும் எட்டும் தரை என ஒரே தொகுதி இரண்டு போர்ட்டுகளுக்கு உணவளிக்கிறது. ஊசிகளைச் சுற்றி உறை இல்லாத பலகைகளில் செருகி ஓர் ஊசி தள்ளி அமர்ந்துவிட்டால், 5 வோல்ட் தரவுக்கம்பிக்குள் பாய்ந்து, முகப்பில் செருகப்படும் பென்டிரைவையும் சில வேளை பலகையின் சில்லையும் பழுதாக்கும். ஒரு காலத்தில் பலகைகளில் இருந்த ஃபயர்வயர் என்ற வேறொரு இணைப்பு வகையின் தொகுதியும் அதே வடிவம், அதே காலி இடம் கொண்டதாக இருந்தது. அதன் ஏழாவது, எட்டாவது ஊசிகளிலோ 12 வோல்ட் இருந்தது. யுஎஸ்பி செருகி அதில் தடையின்றி அமர்ந்துவிடும் என்பதால்தான், பலகைகளின் கையேடுகள் அதைத் தனியாக எச்சரித்தன. இரு வேறு மின்னழுத்தங்களுக்கு ஒரே வடிவத்தைத் தந்தது வடிவமைப்பாளர்களின் பிழை. பழைய கணினியைத் திறப்போர் அச்சிட்ட எழுத்தைப் படித்த பிறகே செருக வேண்டும்.

ஒலிச்செருகியின் காலி இடம் எட்டாவது. பழைய கேசிங்குகளில் ஒரே கம்பியின் நுனியில் ஏசி 97 என்ற பழைய ஒலித்தரத்துக்கும் எச்டி ஆடியோ என்ற புதியதற்கும் என இரு செருகிகள் இருக்கும். 2004க்குப் பிந்திய பலகைகளில் பெரும்பாலும் எச்டி ஆடியோவையே பயன்படுத்த வேண்டும், இல்லையேல் ஹெட்போன் செருகப்பட்டதைப் பலகை உணராது.

யுஎஸ்பி 3.0 செருகி 19 ஊசிகள் கொண்டது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் செல்லும் குறிகை கெடாதிருக்கக் கம்பி தடித்து விறைப்பாக இருக்கும். ஊசிகளின் இடைவெளி 2 மில்லிமீட்டரே என்பதால், சாய்த்து அழுத்தினால் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். பிடுங்கும்போது உறையே பலகையை விட்டுப் பெயர்ந்து வருவதும் உண்டு. உறையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செருகியை நேராக மேலே தூக்குவதே முறை. டைப் சி போர்ட்டுக்குரிய உட்செருகியோ முற்றிலும் வேறு வடிவம். சற்றுப் பழைய பலகைகளில் அதற்கான இடமே இல்லாததால், கேசிங்கின் முகப்பில் பளபளக்கும் அந்த வாய் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். 19 ஊசித் தொகுதியிலிருந்து அதற்கு மாற்றித்தரும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் வழியே அந்தத் தொகுதி தரும் 5 கிகாபிட் வேகமே கிடைக்கும் என்பதால், கேசிங்குக்குப் பணம் கொடுக்குமுன் தாய்ப்பலகையின் கையேட்டில் அந்த உட்செருகி உள்ளதா என்று பார்த்துவிடுவது செலவைக் குறைக்கும்.