உங்களுக்குத் தெரியுமா? – மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள்

● பழவேற்காடு ஏரியில் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? மார்பு கனத்து, வயிறு உப்பி, இடுப்பு கடுக்கும் நாளிலும் அவர்களுக்கு அதே தண்ணீர்தான். மீன்கூடையோடு பஸ் ஏறும் பெண்ணுக்கும், ஓலை முடையும் பெண்ணுக்கும்கூட மாதத்தில் அப்படிச் சில நாள் வரலாம். "சும்மா சும்மா எரிஞ்சு விழுறா" என்பார்கள் வீட்டில். அது அவள் குணமல்ல.

● மாதவிலக்குக்கு முன் வரும் இந்தத் தொந்தரவை 1931-ல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் விவரித்தார். 'பிரீமென்ஸ்ட்ருவல் சின்ட்ரோம்', சுருக்கமாக 'பி.எம்.எஸ்.', என்ற பெயர் 1953-ல் லண்டனில் கேதரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் எழுதிய கட்டுரையில் வந்தது.

● ஹார்மோன் கூடிப்போனதால் வருவதல்ல இது. பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும்; கருமுட்டை வெளிவந்த பிறகு ஹார்மோன் ஏறி இறங்குவதைச் சிலருடைய மூளை தாங்குவதில்லை. அதனால் ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாது. காலண்டரில் பிடிபடும். இரண்டு மாதம், தொந்தரவு வந்த நாளையும் விலக்கான நாளையும் குறித்து வையுங்கள். ஏரியில் மீன்பிடிக்கும் முறை (பாடு) எந்த நாள் யாருக்கு என்று கணக்கு வைக்கும் ஊருக்கு இது பெரிய வேலையா? விலக்கானதும் தொந்தரவு விட்டுப்போனால் பி.எம்.எஸ்.; மாதம் முழுக்க இருந்தால் ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

● 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 466 பெண்கள் கலந்துகொண்டார்கள். தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொந்தரவு ஏறக்குறைய பாதியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம்தான். நம் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். ஆனால் அந்த நாட்களில் கருவாட்டைக் குறையுங்கள். உப்பு சிலருக்கு வீக்கத்தைக் கூட்டும்.

● கூடை சுமப்பது உடற்பயிற்சிக் கணக்கில் சேராது, அது உழைப்பு. கைவீசி அரைமணி நடப்பதும், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதும் தனி; அவை இந்தத் தொந்தரவுக்கு உதவலாம்.

● அரசு தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கானது, பி.எம்.எஸ்.ஸுக்கென்று நீங்களாக விழுங்காதீர்கள். சிலருக்கு மனநிலை மேலும் கெடலாம். பி.எம்.எஸ்.ஸின் கடுமையான வகைக்கு அமெரிக்கா 2006-ல் ஒப்புதல் தந்தது டிராஸ்பிரினோன் கலந்த மாத்திரைக்கு: 24 நாள் ஹார்மோன், 4 நாள் வெற்று மாத்திரை. உயர் ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு, கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இவ்வகை மாத்திரை ஆபத்து. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வரும்போது உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

● மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் பி.எம்.எஸ்.ஸுக்குச் சில நாளிலேயே கேட்கும். விலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டாலும் சிலருக்குப் போதும் என்பது பலருக்குத் தெரியாது. "மனநல மாத்திரையா?" என்று பயந்து ஒதுக்கிவிடாதீர்கள்.

● நூற்றில் மூன்று முதல் எட்டுப் பெண்களுக்கு பி.எம்.எஸ். மிகக் கடுமையாக வரும். செத்துப்போகலாம் என்றுகூடச் சிலருக்குத் தோன்றும். அந்த எண்ணம் வந்தால் விலக்காகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.