ஏக்கர் ஏக்கராகக் கரையும் கஜானா

ஆட்சி எந்தக் கட்சியுடையதானாலும், வாக்குறுதிகளின் பில்லைக் கட்ட ஹைதராபாத்தின் மேற்குப் புறநகர் நிலம் கைகொடுக்கிறது. எத்தனை நாளைக்கு?

கொண்டாப்பூரில் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவே இன்னும் அங்கங்கே பாறைகள் தலைகாட்டுகின்றன. 1998-ல் பக்கத்து மாதாப்பூரில் ஹைடெக் சிட்டி திறக்கப்பட்டதும் இந்தப் பாறைக்காட்டின் தலையெழுத்து மாறியது. இன்று இந்த வட்டாரம்தான் மாநிலத்தின் உண்டியல்.

உண்டியலை உடைக்கும் அவசியம் பழைய கதையில் தொடங்குகிறது. 1983-ல் கிலோ இரண்டு ரூபாய் அரிசி என்ற வாக்குறுதியுடன் ஆட்சியைப் பிடித்தார் என்.டி. ராமராவ். 1994-ல் அதனுடன் மதுவிலக்கையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். செலவு ஏறியது, மது வருமானம் போயிற்று. 1995-ல் மாமனாரைக் கவிழ்த்து முதல்வரான சந்திரபாபு நாயுடு அரிசி விலையை ரூ. 3.50 ஆக்கினார், 1997-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார், உலக வங்கியிடம் கடன் வாங்கினார். 2000-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. 2004-ல் அவரது ஆட்சி போயிற்று. அடுத்து வந்த காங்கிரஸ் முதல்வர் ராஜசேகர ரெட்டியின் முதல் கையெழுத்தே விவசாயிகளுக்கு இலவச மின்சாரம்தான். 2008-ல் இரண்டு ரூபாய் அரிசியும் திரும்பியது. கட்சிகள் படித்துக்கொண்ட பாடம்: கொடுத்ததைக் குறைக்கக் கூடாது.

2014-ல் வருவாய் உபரியுடன் பிறந்த தெலங்கானாவும் விதிவிலக்கல்ல. சந்திரசேகர ராவ் அரசு 2018-ல் விவசாயிகளுக்குப் போகத்துக்கு ஏக்கருக்கு ரூ. 4,000 கொடுக்கத் தொடங்கியது. 2023 டிசம்பரில் வந்த காங்கிரஸ் அரசு, கடன் ரூ. 6.71 லட்சம் கோடி என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இல்லை, 3.17 லட்சம் கோடிதான் என்றது எதிர்க்கட்சியாகிவிட்ட பி.ஆர்.எஸ். அரசு நிறுவனங்கள் வாங்கிய கடனை யார் தலையில் எழுதுவது என்பதே தகராறின் மையம். அத்தகைய கடன்கள் நெடுநாள் பற்றாக்குறைக் கணக்குக்கு வெளியே இருந்தன. 2022-ல் மத்திய அரசு அவற்றையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

நில விற்பனைக்கு அந்தத் தொல்லை இல்லை. அது கடனல்ல, வரவு; பற்றாக்குறையை அழகாகக் குறைத்துக் காட்டும். 2023 ஆகஸ்டில், பி.ஆர்.எஸ். ஆட்சியில், கோகாப்பேட்டையில் சுமார் 45 ஏக்கர் ரூ. 3,300 கோடிக்கு மேல் விலைபோனது. பெண்களுக்கு இலவச பஸ், ரூ. 2 லட்சம் வரை பயிர்க்கடன் தள்ளுபடி என்று செலவைக் கூட்டிய காங்கிரசும் அதே வழியில்தான் போனது. 2025 அக்டோபரில் ராய்துர்க்கத்தில் ஏக்கர் ரூ. 177 கோடிக்குப் போயிற்று.

முட்டுக்கட்டை விழுந்தது கொண்டாப்பூருக்கு அருகிலுள்ள காஞ்ச கச்சிபௌலியில். பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரில் புல்டோசர்கள் மரங்களைச் சாய்த்தபோது மாணவர்கள் கொதித்தெழுந்தனர். 2025 ஏப்ரல் 3 அன்று சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது.

அரிசிக்கும் மின்சாரத்துக்கும் பஸ்ஸுக்கும் வருடா வருடம் பணம் வேண்டும். விற்ற ஏக்கரோ மறு வருடம் திரும்பி வராது. எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இடம்பெறாத வரி அதுதான்.