அட்வான்ஸ் பணம் ஓர் அமானிதம்: வாடகைக்கு வீடு விடுவோர் அறிய வேண்டிய சட்டக் கடமைகள்

 

"நம்ம ஆளுதானே, எழுத்து எதற்கு?" வீட்டை வாடகைக்கு விடும்போது நம் மஹல்லாக்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. குடி வருபவர் தூரத்து உறவாக இருப்பார், அல்லது நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவராக இருப்பார். அட்வான்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவோம். குடியிருக்கும் வரை சிக்கல் இல்லை. காலி செய்யும் நாளில்தான் கணக்கு ஆரம்பமாகும்.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் சவூதியில் வேலை பார்க்கிறார். ஊரில் வாடகை வசூலிப்பது அவருடைய மச்சான். குடி வந்தவரிடம் மச்சான் வாங்கிய 80,000 ரூபாய் அட்வான்ஸ், மாடிப் பூச்சு வேலையில் செலவாகிவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துக் குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்கிறார். மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார். அந்தப் பணத்தை நம்பித்தான் தேதி குறித்திருக்கிறார். "அடுத்த ஆள் வந்ததும் தந்துவிடுகிறேன்" என்கிறார் மச்சான். போனில் பேசினால், "அவ்வளவு வாங்கியதே எனக்குத் தெரியாதே" என்கிறார் உரிமையாளர். கையில் ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இங்கே யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு தகப்பன் கடன் வாங்க ஓடுகிறார்; இரண்டு குடும்பங்களுக்கிடையே ஸலாம் நின்றுபோகிறது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்கு விரிவாகக் கற்றுத் தருகிறது. நாட்டின் சட்டமும் இன்று அதையே கேட்கிறது. அந்தச் சட்டம் வீட்டுக்காரர் மீதும், அவர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மீதும் வைக்கும் பொறுப்புகளை இங்கே பார்ப்போம்.

எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வாடகை அதிகாரியும், காலி செய்வது போன்ற வழக்குகளை விசாரிக்க வாடகை நீதிமன்றமும், மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயமும் உள்ளன.

வக்ஃப் சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல் வீடுகள், கடைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்குத் தனியே வக்ஃப் சட்டமும் குத்தகை விதிகளும் உண்டு. இந்தக் கட்டுரை நம் சொந்த வீடுகளைப் பற்றியது.

1. எழுத்தில் ஒப்பந்தம், பிறகு பதிவு

எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, எடுக்கவும் கூடாது. இது உறவினருக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தை இரண்டு அசல் பிரதிகளாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

"பதினோரு மாதத்துக்குத்தான் எழுதியிருக்கிறோம், பதிவு தேவையில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது ஒரு விதி. பதினோரு மாதக் கணக்கு அதற்காக வந்தது. வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது வேறு. அது பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு. அரசின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம்; பதிவானதும் ஒரு பதிவு எண் தருவார்கள். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. நாளை வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரருக்கே கை கட்டிப்போகும். எனவே ஒப்பந்தம் போட்ட கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள்.

2. அட்வான்ஸ்: எவ்வளவு, எப்போது திருப்புவது

ஒப்பந்தத்தில் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. மாத வாடகை 8,000 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். ஊர் வழக்கம் என்று பத்து மாத வாடகை கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி, குடித்தனக்காரர் ஏற்படுத்திய சேதம் போன்ற நியாயமான பிடித்தங்கள் மட்டும் கழியும். "அடுத்த ஆள் வரட்டும்" என்பது சட்டத்தில் இல்லாத தவணை.

இதில் நாம் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அட்வான்ஸ் நம் வருமானம் அல்ல. பிறருடைய பணம் நம்மிடம் இருக்கிறது. அதை வீட்டு வேலையிலோ வியாபாரத்திலோ போட்டுவிட்டு, கேட்கும்போது கையைப் பிசைவதுதான் பெரும்பாலான சண்டைகளின் வேர். முடிந்தால் அதை ஒரு தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். வாங்குவதையும் கொடுப்பதையும் வங்கி வழியாகவே செய்யுங்கள்.

3. ஒத்தி, லீஸ் வழக்கம்

வாடகை இல்லாமல் மொத்தமாக நான்கைந்து லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தரும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பதால், இதை வட்டியோடு சேர்த்துப் பார்க்கும் ஆலிம்கள் பலர். உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சட்டத்திலும் இதில் ஆபத்து உண்டு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்தை அனுபவ அடமானமாகக் கொடுத்தால் அதைப் பதிவுப் பத்திரமாகவே எழுத வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய லீஸ் பத்திரம் அந்த இடத்தில் நிற்காது. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து அது ஏலத்துக்குப் போனால், லீஸ் பணம் கொடுத்த ஏழைக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்களும் நியாயமான வாடகை, அளவான அட்வான்ஸ் என்ற முறைக்கு மாறுவது இரு தரப்புக்கும் நல்லது.

4. வாடகை உயர்வும் ரசீதும்

ஒப்பந்தக் காலம் முடியும் முன், அதில் எழுதியிராத உயர்வைக் கேட்க முடியாது. வேறு ஏற்பாடு எழுதப்படாத நிலையில், வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். "அடுத்த மாதம் முதல் ஆயிரம் கூட" என்று வாசலில் நின்று சொல்வது செல்லாது.

வாங்கும் ஒவ்வொரு வாடகைக்கும் ரசீது தர வேண்டும். வங்கி வழியாக வந்தால் வங்கிப் பதிவே சான்று. வாடகையை வாங்க மறுத்துவிட்டு "பாக்கி வைத்தார்" என்று சொல்லவும் முடியாது. குடித்தனக்காரர் அதை வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

5. பழுது யார் பொறுப்பு?

தினச் சண்டை இங்கேதான். சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்துக் காட்டுகிறது.

வீட்டுக்காரர் பொறுப்பு: கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், உள்ளும் வெளியும் மின் வயரிங்.

குடித்தனக்காரர் பொறுப்பு: குழாய் வாஷர், டேப் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல், கழிவறை, வாஷ்பேசின் பழுது, சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி, கொசுவலை.

தம் பங்குப் பழுதை வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், குடித்தனக்காரரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் வழி தருகிறது. ஒழுகும் கூரையையும் மின்சாரம் தாக்கும் சுவரையும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள்.

6. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக்கூடாது

வாடகை பாக்கி இருந்தாலும், காலி செய்ய மறுத்தாலும், தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின்சார ஃபியூஸைப் பிடுங்குவது, மாடிப்படி விளக்கை அணைப்பது எல்லாம் சட்டப்படி தவறு. வீட்டுக்காரரோ அவர் சார்பில் பார்ப்பவரோ வேறு யாரையும் வைத்தோ இதைச் செய்யக்கூடாது. புகார் வந்தால் வாடகை அதிகாரி உடனே இடைக்கால உத்தரவு போடலாம், நஷ்டஈடும் விதிக்கலாம்.

7. நம் வீடுதான், ஆனாலும் அனுமதி கேட்டு

வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் பார்வையிடவோ பழுது பார்க்கவோ போக வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறர் வீட்டில் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைவது நமக்குப் புதிதல்ல. ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் மாற்றுச் சாவியால் திறந்து போவது எவ்வளவு பெரிய தவறு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

8. காலி செய்ய வைப்பது

சாமானை வெளியே வைப்பதும் பூட்டு மாற்றுவதும் வழி அல்ல. குடித்தனக்காரர் தாமாகக் காலி செய்யாவிட்டால் வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருப்பது, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை சட்டம் ஏற்கும் காரணங்கள். குடும்பத் தலைவர் வஃபாத்தாகி, மனைவி இத்தாவில் இருக்கும் வீட்டில் போய் "சீக்கிரம் காலி செய்யுங்கள்" என்று நெருக்குவதைச் சட்டமும் ஏற்காது, மார்க்கமும் ஏற்காது. அந்தக் குடும்பத்தின் பெரியவர்களோடும் ஜமாஅத்தோடும் அமர்ந்து பேசி, அவகாசத்தை எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

9. வெளிநாட்டு உரிமையாளரும் ஊரில் பார்ப்பவரும்

உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. அவர் பெயர் என்ன, எந்தெந்த வேலைகளுக்கு, எவ்வளவு காலத்துக்கு அவருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்பதைக் குடித்தனக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ரசீது கொடுத்துத்தான் வாடகை வாங்க வேண்டும். மச்சானானாலும் மாமாவானாலும் இதுவே முறை.

வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்திவிடுங்கள். வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை செலுத்துபவர் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. இதை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

வாப்பா வஃபாத்தான பிறகு பாகம் பிரிக்காத வீடுகளிலும் இதே கவனம் தேவை. அந்த வீடு எல்லா வாரிசுகளுக்கும் உரியது. மூத்த மகன் வாடகை வாங்கினாலும் உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் அவர்கள் பங்கு உண்டு. வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டோ, ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தோதான் ஒப்பந்தம் போட வேண்டும். மாதக் கணக்கை எல்லோருக்கும் காட்ட வேண்டும். "தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லையே" என்பது அவள் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

இந்த வாரமே செய்யக்கூடியவை

• ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பவரோடு உட்கார்ந்து, வாடகை, அட்வான்ஸ், காலம், உயர்வு, தண்ணீர், மின் கட்டணம், காலி செய்ய முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள்.
• ஏற்கெனவே வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்பதை இருவரும் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.
• சாவி கொடுக்கும் அன்று வீட்டின் சுவர், குழாய், மின்விசிறி, மீட்டர் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.
• ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள்.
• ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, வாடகை, ரசீது, பழுதுச் செலவை எழுதி வையுங்கள். வருமான வரிக் கணக்குக்கும் அது உதவும்.

ஒப்பந்தம் போடச் சொன்னால் "என்னை நம்பவில்லையா?" என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அவர்களிடம் இதமாகச் சொல்லுங்கள்: நாளை நாம் இருவரும் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் சண்டையிடாமல் இருக்கவே இந்த எழுத்து. மேலே சொன்ன மச்சானுக்கும் அந்தத் தகப்பனுக்கும் ஒரே ஒரு தாள் இருந்திருந்தால், அந்த நிக்காஹ்வுக்கு இருவரும் சேர்ந்தே பந்தல் போட்டிருப்பார்கள்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தருவானாக! ஆமீன்.